சட்டை தைக்கும் சேவையில் எத்தனை தெரிவு கொடுக்கலாம்? தாமதம் குறைய எதில் கை வைப்பது?

கேள்வி

அளவெடுத்துச் சட்டை தைத்துக் கொடுக்கும் சேவை. கட்டிங் மாஸ்டர் ஒருவர், தையல்காரர்கள் 5 பேர், நாளுக்கு 8 மணி நேரம். சட்டைக்குச் சராசரியாக 100 நிமிடத் தையல், நாளுக்கு 22 ஆர்டர். காலர் 8 வகை, கஃப் 4, பாக்கெட் 5, முன்பட்டி 3, முதுகு மடிப்பு 3; எதையும் எதோடும் சேர்த்துக் கேட்கலாம். 5 நாள் என்று சொல்லி 9 நாள் ஆகிறது. கையில் எந்நேரமும் 198 சட்டை நிற்கிறது. நூற்றுக்கு 12 ஆல்ட்டருக்குத் திரும்புகிறது, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம் போகிறது. ஆள் சேர்ப்பதா, தெரிவைக் குறைப்பதா, விலையைக் கூட்டுவதா? தெரிவைக் குறைத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பதில் 1

முதலில் பளுவைக் கணக்கிடுங்கள். 5 பேருக்கு 2400 நிமிடம். 22 சட்டைக்கு 2200. 92 சதவீதம் போலத் தெரியும். ஆல்ட்டருக்கு நாளுக்கு 105 நிமிடம் போவதையும் சேர்த்தால் 96. இந்த 4 சதவீதம்தான் கழுத்தைப் பிடிக்கிறது. வரவும் வேலை நேரமும் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும்போது, ஒருவர் மட்டும் வேலை செய்யும் இடத்தில் சராசரிக் காத்திருப்பு வேலை நேரத்தைப் போல 80 சதவீதப் பளுவில் 4 மடங்கு, 92-ல் 11.5 மடங்கு, 96-ல் 24 மடங்கு. ஐந்து பேரும் ஒரே குவியலிலிருந்து எடுத்தால் இவ்வளவு மோசமாகாது. ஆனால் 90-ஐத் தாண்டியதும் செங்குத்தாக ஏறுவது அங்கேயும் அப்படித்தான்.

உங்கள் பட்டியலில் 1440 சேர்க்கை வரும். அந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். ஒரு தெரிவு எத்தனை பாகங்களைத் தொடுகிறது என்று பாருங்கள். பாக்கெட் முன்துண்டோடு நின்றுவிடும். காலர் மாறினால் பேட்டர்ன், விறைப்புக்காக உள்ளே வைக்கும் கேன்வாஸ், ஃப்யூசிங் எல்லாம் மாறும். மடித்துப் போடும் கஃப்புக்குப் பட்டனே கிடையாது, ஆனால் கஃப்லிங்க் மாட்ட ஒரு கஃப்புக்கு 4 காஜா.

காலரில் வகையைக் குறைக்காமலே வேலையைக் குறைக்கலாம்: எல்லா வகைக்கும் ஒரே கழுத்துப்பட்டி, மேல் இலையின் வடிவம் மட்டும் மாறட்டும். இலையைப் பட்டியோடு இணைக்கும் விளிம்பின் நீளம் எல்லா வகையிலும் ஒன்றாக இருந்தால் பட்டிகளை அளவுவாரியாக முன்கூட்டியே தைத்து வைக்கலாம். நேரு காலருக்கு அந்தப் பட்டி மட்டுமே போதும்.

பதில் 2

பட்டி யோசனை சரி. ஆனால் எல்லா ஆர்டரையும் ஒரே வரிசையில் விடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு கூடம் எல்லாவற்றையும் செய்யப் போனால் எதிலும் தேறாது என்று ஹார்வர்ட் மேலாண்மைப் பேராசிரியர் விக்ஹாம் ஸ்கின்னர் 1974-லேயே எழுதினார். 160 நிமிடம் பிடிக்கும் சட்டை ஒன்று நடுவில் புகுந்தால் பின்னால் நிற்கும் எளிய சட்டைகள் எல்லாம் தள்ளிப்போகும்.

அதற்காக இரண்டாகப் பிரித்துச் சுவர் எழுப்பினாலும் தப்பு. ஒரு பக்கம் ஆள் சும்மா இருப்பார், மறுபக்கம் குவியும். இப்படி அதிக நேரம் பிடிக்கும் சிறப்பு வேலைக்குத் தேர்ந்த ஒருவரை ஒதுக்குங்கள். அவர் கை ஓய்ந்தால் பொதுக் குவியலிலிருந்து எடுக்கட்டும். மற்ற நால்வரிடம் சிறப்பு வேலை போகக் கூடாது. அதற்கு 10 நாள் என்று தனித் தவணை சொல்லுங்கள். கூடுதல் விலையைத் துணியை வைத்துப் போடாமல், கூடுதலாகப் பிடிக்கும் நிமிடங்களை வைத்துப் போடுங்கள்.

ஆறாவது ஆள் வந்தால் பளு 80 சதவீதத்துக்கு இறங்கும், உண்மைதான். ஆனால் ஆல்ட்டர் அப்படியே இருந்தால் அவர் சம்பளத்தில் ஒரு பகுதி பழுது பார்ப்பதற்கே போகும்.

கேட்டவர்

நன்றி. எந்தத் தெரிவை எடுத்துவிடலாம் என்று எப்படி முடிவு செய்வது?

பதில் 3

கடைசி 200 ஆர்டர் சீட்டை எடுத்துத் தெரிவுவாரியாக எண்ணுங்கள். 4 பேருக்கும் குறைவாகக் கேட்டது எதுவோ அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, கேட்டால் மட்டும் செய்து கொடுங்கள். அதற்கு முன் யார் கேட்டார்கள் என்றும் பாருங்கள். ஒரே வாடிக்கையாளர் வருடத்துக்கு 15 சட்டை தைப்பவராக இருக்கலாம்.

அளவெடுத்துத் தைக்க வருபவர் முதலில் தேடுவது உடம்புக்குப் பொருந்தும் சட்டையை. எட்டாவது காலர் இல்லாததால் போகிறவரைவிடத் தோளில் பிடிப்பதால் திரும்பி வராதவர் அதிகம் என்பது என் கருத்து. ஆகவே அந்த 12-ஐத்தான் முதலில் பிடிக்க வேண்டும். சீட்டில் ‘கொஞ்சம் லூசா’ என்று எழுதினால் வெட்டுபவர் ஒன்று நினைப்பார், போடுபவர் ஒன்று நினைப்பார். உடல் மார்பு 38, சட்டைச் சுற்று 43 என்று இரண்டு எண்ணையும் எழுதுங்கள். 36 முதல் 46 வரை மாதிரிச் சட்டை வைத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, அதிலிருந்து எங்கே எவ்வளவு கூட்ட, குறைக்க வேண்டும் என்று குறித்தால் இன்னும் நல்லது. 12 என்பது 5 ஆனால் நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

பட்டியலின் முதல் பக்கத்தில் எல்லாத் தெரிவையும் கொட்டவும் வேண்டாம். அதிகம் போகும் சேர்க்கை மூன்றைத் தைத்து மாட்டி வையுங்கள். பலர் அதில் ஒன்றைக் கைகாட்டிவிடுவார்கள்.

பதில் 4

இதையெல்லாம் செய்தாலும் இருக்கிற குவியல் தானாகக் கரையாது. கையிருப்பை நாள் உற்பத்தியால் வகுத்தால் தவணை, லிட்டில் விதி. 198 ÷ 22 = 9, உங்களுக்கு ஆவதும் அதுவேதான். 5 நாள் வேண்டுமென்றால் கையில் 110-க்கு மேல் நிற்கக் கூடாது. மிச்சம் 88 சட்டை, 8800 நிமிடம். ஐவரும் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தைத்தால் நாளுக்கு 3 சட்டை, ஏறக்குறைய 30 வேலை நாளில் கரையும். அந்த நேரத்தில் புது ஆர்டரைத் திணித்துவிடாதீர்கள், பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

அதன் பிறகு கையிருப்பை ஒரு பலகையில் தினமும் எழுதுங்கள். 110-ஐத் தாண்டிய அன்று வாங்கும் ஆர்டரில் 5 நாள் என்று எழுத வேண்டாம். பலகையில் இருக்கும் எண்ணை 22-ஆல் வகுத்து வரும் நாளை எழுதுங்கள்.