பாலிபுரோபிலீன் உறையில் பசை நிற்கவில்லை: பிரைமரை விட்டுவிட்டுப் பிளாஸ்மாவுக்கு மாறலாமா?

கேள்வி – அம்பத்தூர் அசெம்பிளி

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன விளக்குகளைப் பூட்டிக் கொடுக்கும் சிறிய பட்டறை எங்களுடையது. பாலிபுரோபிலீன் உறையின் பள்ளத்தில் பாலியூரிதேன் பசையை இட்டு, அதன்மேல் பாலிகார்பனேட் லென்ஸை அழுத்தி ஒட்டுகிறோம். நீர்க்கசிவுச் சோதனையில் தோற்றுத் திரும்பி வரும் விளக்குகளைப் பிரித்துப் பார்த்தால், பசை முழுவதும் லென்ஸோடு வந்துவிடுகிறது. உறையின் பள்ளமோ துடைத்துவைத்தது போல் இருக்கிறது. இதுவரை பசைக்கு முன் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசித்தான் ஒட்டினோம், ஆனால் அதன் நெடியில் ஷிப்டு முடிவதற்குள் ஆட்களுக்குத் தலைவலி வந்துவிடுகிறது. மின்னேற்றம் பெற்ற வாயுவைப் பரப்பின்மேல் பாய்ச்சும், வளிமண்டல அழுத்தத்தில் இயங்கும் பிளாஸ்மா கருவி ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். அதை வாங்கினால் பிரைமரை அடியோடு நிறுத்திவிடலாமா? உறைகள் திருமுடிவாக்கத்தில் வார்க்கப்பட்டு வருகின்றன. அங்கேயே பிளாஸ்மா கொடுத்து, மூன்று நாள் கழித்து இங்கே ஒட்டினால் தாங்குமா?

பதில் – ஒரகடம் பொறியாளர்

நீங்கள் சொன்ன அடையாளத்திலேயே பாதி விடை இருக்கிறது. பசை நடுவில் கிழிந்து இரு பக்கமும் ஒட்டியிருந்தால் பசையைச் சந்தேகிக்கலாம். ஒரு பக்கம் துப்புரவாக விட்டு வந்தால், அந்தப் பக்கத்தைப் பசை சரியாக நனைக்கவே இல்லை என்று பொருள். பாலிபுரோபிலீன் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் ஆனது. அதன் பரப்பு ஆற்றல் மீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன்தான், கடைப்பேச்சில் 30 டைன். பசை அதன்மேல் பரவாமல் ஒதுங்கி நிற்பதும், ஒட்டினாலும் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போவதும் இதனால்தான். பிளாஸ்மா படும்போது மேற்பரப்பின் பிணைப்புகள் உடைந்து, அந்த இடங்களில் ஹைட்ராக்சில், கார்பனைல் போன்ற ஆக்சிஜன் தொகுதிகள் வந்து அமர்கின்றன. பாலியூரிதேன் பசையிலுள்ள ஐசோசயனேட்டுக்கு ஹைட்ராக்சிலோடு வினைபுரியும் தன்மை உண்டு என்பதால், உங்கள் பசைக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும்; பிரைமரை விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

ஆனால் திருமுடிவாக்கத்தில் பிளாஸ்மா கொடுக்கும் யோசனையைக் கைவிடுங்கள். மாற்றம் நிகழ்வது சில நானோமீட்டர் ஆழத்துக்கு மட்டுமே. நாளாக ஆக, அந்த ஆக்சிஜன் தொகுதிகள் மூலக்கூறு அசைவில் உள்நோக்கித் திரும்பிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் கலந்துள்ள சேர்க்கைப் பொருள்கள் கசிந்து மேலே வரும். வெப்பம் கூடினால் இரண்டுமே விரைவுபடும், சித்திரை வெயிலில் தார்ப்பாய் மூடிய லாரி எப்படிக் காயும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஏற்றி இறக்கும்போது ஒரு விரல் பள்ளத்தில் பட்டாலே அந்த இடம் கெட்டுவிடும். பசை நாசிலுக்கு நேர் முன்னால் பிளாஸ்மா நாசிலை நிறுத்தி, சில நிமிடங்களுக்குள் ஒட்டிவிடுவதே முறை.

பதில் – பிலிம் அச்சகத்தார்

எங்கள் அச்சகத்தில் பாலிபுரோபிலீன் பிலிமுக்குக் கரோனா என்னும் உயர் மின்னழுத்த மின்னிறக்கம் கொடுத்துத்தான் மை ஏற்றுகிறோம். சுருளாக ஓடும் தட்டையான பொருளுக்கு அதுவே மலிவு. உங்கள் பள்ளத்துக்கு அது ஒத்துவராது.

பதில் – பழைய மோல்டர்

தம்பி, கருவிக்குப் பணம் கட்டும் முன் வார்ப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: பாகம் எளிதாகக் கழன்று வர அச்சில் சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்கிறார்களா? நானும் ஒரு காலத்தில் பிளாஸ்மா எல்லா அழுக்கையும் எரித்துவிடும் என்று நம்பி ஏமாந்தவன். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தை அது நீக்கும். சிலிக்கோன் படிந்திருந்தால் அதை நீக்காமல் சிலிக்கா போன்ற மேலோடாக மாற்றிவிடும், அடியில் மிச்சமிருப்பது பசையைப் பிடிக்க விடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் குளிர்நீர் ஓடும் அச்சு வியர்த்து, துருவுக்குப் பயந்து அதன்மேல் ஒரு ஸ்ப்ரே அடிப்பதும் வழக்கம், அதையும் விசாரியுங்கள். கருவிக்குப் போகும் கம்பிரசர் காற்றில் தண்ணீரோ எண்ணெயோ கலந்திருந்தால் ஐப்பசி மாதத்தில் ஒரு முடிவும் மாசி மாதத்தில் வேறொரு முடிவும் வரும், ஆகவே டிரையரையும் எண்ணெய் வடிகட்டியையும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று, மை தீட்டிப் பரப்பு ஆற்றலை அளக்கும் டைன் பேனாவை மட்டும் நம்பாதீர்கள். நாசிலை மிக அருகில் வைத்து மெதுவாக ஓட்டினால் மேற்பரப்பின் சங்கிலிகள் துண்டு துண்டாகி, தளர்ந்த படலமாகக் கிடக்கும். பேனா அதன்மேல் அழகாகப் பரவி உயர்ந்த அளவைக் காட்டும், பசையோ அந்தத் துண்டுகளோடு உரிந்து வரும். அப்படிச் சந்தேகம் வந்தால் பரப்பைத் தண்ணீரால் கழுவி உலர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள். அளவு சரிந்தால் பிளாஸ்மா அதிகமாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பேனா பட்ட பாகத்தை விற்பனைக்கு அனுப்பக் கூடாது. பழைய வகை மைகளில் நச்சுத்தன்மையுள்ள ஃபார்மமைடு இருப்பதால் கையுறை அவசியம்.

கேட்டவர் – அம்பத்தூர் அசெம்பிளி

மிக்க நன்றி ஐயா. விசாரித்ததில், இரவு ஷிப்டில் மட்டும் சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவை அந்த ஷிப்டின் உறைகளே. அதை நிறுத்தச் சொல்லி, புதிதாக வார்த்த உறைகளை விற்பனையாளரின் பட்டறைக்கு எடுத்துச் சென்று, பிளாஸ்மா கொடுத்த கையோடு ஒட்டிப் பார்த்தோம். பசை முற்றும் இறுகிய பிறகு பிரித்தபோது, பசை நடுவில் கிழிந்து இரு பக்கமும் தங்கியிருந்தது. பிளாஸ்மா கொடுக்காமல் ஒட்டியவை பழையபடியே உரிந்து வந்தன. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: கருவி ஓடும்போது மின்னல் அடித்தபின் வருவது போன்ற ஒரு நெடி வந்ததே, அது பிரைமர் நெடியைப் போல் தொல்லை தருமா?

பதில் – ஒரகடம் பொறியாளர்

அது ஓசோன், அதோடு நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகும். இரண்டுமே நுரையீரலுக்குக் கேடு, எனவே நெடி குறைவாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நாசிலைச் சுற்றிக் கூண்டு அமைத்து, உறிஞ்சு குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய் விடும் செலவையும் விலைப்புள்ளியில் இப்போதே சேர்த்துக் கேளுங்கள்.