மக்காச்சோள ஹைபிரிட்: சோதனையில் முதலிடம் வந்ததா, எந்த வருடமும் கைவிடாததா?

மேட்டுக்காடு:
சோதனைத் திடல் முடிவில் முதலிடம் வந்த ஹைபிரிட்டையே இந்தப் பருவம் மொத்த நிலத்திலும் விதைக்கப் போகிறேன். உழவு, உரம் எல்லாச் செலவும் எந்த ரகத்துக்கும் ஒன்றுதான். அப்புறம் எதற்கு இரண்டாம் இடத்தில் வந்த ரகம்?

கதிர்முத்து:
எத்தனை இடத்தில், எத்தனை வருடம் நடந்த சோதனை? ஒரே திடல், ஒரே வருடம் என்றால் அந்த மண்ணும் மழையும் அந்த ரகத்துக்கு வாய்த்தது, அவ்வளவுதான். மோசமான இடத்தில் அது எவ்வளவு கீழே இறங்கியது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கடன் வாங்கி விதைக்கிறவரை மூழ்கடிப்பது அந்த எண்தான்.

மேட்டுக்காடு:
நிலையான ரகம் என்று விற்பதில் பல, எல்லா வருடமும் ஒரே மாதிரி சுமாராக விளைபவை. நல்ல மழை வருடத்தில் அள்ள வேண்டியதை விட்டுவிட்டால், கெட்ட வருடத்தை எதை வைத்துத் தாங்குவது நண்பரே?

கதிர்முத்து:
நியாயமான கேள்வி. சுமாரானதை நானும் வாங்கச் சொல்லவில்லை. பல இடங்களில் மேல்வரிசையில் நின்ற ரகங்களில், தண்டு சாயாதவையாக, வயது (விதைத்து முற்றும் வரையான நாட்கள்) வேறுபட்ட இரண்டை எடுங்கள். மக்காச்சோளத்துக்குப் பூக்கும் சமயம்தான் கண்டம். வறட்சி வந்தால் மகரந்தத்தை வாங்கும் கதிரின் பட்டிழை தாமதமாக வெளிவரும். அதற்குள் மேலே மகரந்தம் கொட்டி முடிந்திருக்கும். வெயில் 35 டிகிரியைத் தாண்டி காற்றும் காய்ந்திருந்தால் மகரந்தமே செத்துப்போகும். கதிர் இருக்கும், மணி இருக்காது. மொத்த நிலமும் ஒரே வாரத்தில் பூத்தால் அந்த ஒரு வாரத்தை நம்பித்தான் எல்லாமே.

மேட்டுக்காடு:
அதற்கு ஒரே ரகத்தை இரண்டு தேதியில் விதைத்தால் போதுமே. இரண்டு வயது என்றால் அறுவடை இயந்திரத்தை இரண்டு தடவை இறக்க வேண்டும்.

கதிர்முத்து:
மானாவாரியில் ஈரம் கிடைக்கும் நாலு நாளுக்குள் எல்லாம் விதைத்தாக வேண்டும், தேதி நம் கையில் இல்லை. இரண்டு தடவை அறுப்பது செலவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டழுகல் வந்த வயலில் எல்லாம் ஒன்றாக முற்றி, இயந்திரத்துக்குக் காத்துக்கிடந்து சாய்ந்தால் அதைவிடப் பெரிய இழப்பு.

வேர்மண்:
இருவருமே நோயை விட்டுவிட்டீர்கள். 1970இல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். விதை உற்பத்தியில் ஆண் பூவைக் கிள்ளும் கூலியை மிச்சப்படுத்த, மகரந்தமே உண்டாகாத டெக்சாஸ் ஆண்மலட்டு வகையிலிருந்து ஹைபிரிட்டுகளை உருவாக்கினார்கள். விதைத்ததில் சுமார் 85 சதவீதம் அதுதான். இலைக்கருகல் பூஞ்சையின் ஒரு இனம் அந்த வகையையே குறிவைத்துத் தாக்க, நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது. மூட்டைமேல் இருந்த பெயர்கள் எத்தனையோ, உள்ளே இருந்த பலவீனம் ஒன்று. விதைப்புத் தேதியை மாற்றி இதிலிருந்து தப்ப முடியாது.

மேட்டுக்காடு:
இது யோசிக்க வேண்டியதுதான். ஆனால் எந்தப் பெற்றோர் ரகங்களைக் கலந்து உருவாக்கியது என்று கேட்டால் கம்பெனி சொல்லுமா?

வேர்மண்:
பெரும்பாலும் சொல்லாது. இலைக்கருகல், தண்டழுகல், அடிச்சாம்பல் ஒவ்வொன்றுக்கும் தாங்குதிறன் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு ரகம் பலவீனமாக இருக்கும் நோயில் மற்றது வலுவாக இருக்கட்டும்.

மேட்டுக்காடு:
சரி, கால்வாசி நிலத்தை இன்னொரு ரகத்துக்கு விடுகிறேன். முக்கால்வாசியில் முதலிடக்காரன்தான், அதில் மாற்றமில்லை.

கதிர்முத்து:
நானாக இருந்தால் பாதிக்குப் பாதி. அந்தக் கால்வாசியையாவது ஓரத்துச் சரளை மண்ணில் தள்ளாமல் நல்ல மண்ணில் விதையுங்கள்; இல்லாவிட்டால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.