கணையக் கட்டி ஆபரேஷன்: "இன்னும் எத்தனை வருஷம்?" என்று கேட்ட அனுபவம்

குடியாத்தத்திலிருந்து:
அப்பா லுங்கித் தறி ஓட்டியவர், வயது 61. கிட்னிக் கல்லுக்கு எடுத்த ஸ்கேனில் கணையத்தின் வால் பக்கம் 4 செ.மீ. கட்டி தெரிந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த உள்ளூர் டாக்டர் ஒருவர், "கணையத்துலயா? ஆறு மாசம்" என்று நின்ற வாக்கில் சொல்லிவிட்டார். சித்தப்பா அன்று ராத்திரியே வீட்டுப் பத்திரத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வேலூரில் பயாப்ஸி எடுத்த பிறகுதான் இது நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று தெரிந்தது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது, வழக்கமான கணையப் புற்று மாதிரி இல்லை, பெரும்பாலும் மெதுவாக வளரும். வாலோடு மண்ணீரலையும் எடுத்தார்கள். மண்ணீரல் இல்லாவிட்டால் சில கிருமிகள் எளிதாகத் தாக்குமாம், அதற்காக இரண்டு வாரம் முன்பே நிமோனியா தடுப்பூசி. காந்தி ரோடு லாட்ஜில் மொத்தம் 18 நாள். பக்கத்து அறை வங்காளக் குடும்பம் கடுகெண்ணெய் காய்ச்சும்போதெல்லாம் அப்பாவுக்குக் குமட்டும்.

ஆபரேஷன் ரிப்போர்ட் வந்த அன்று, இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டேவிட்டேன். டாக்டர் 'கி-67: 2%' என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டார். நூறு செல்லில் இரண்டுதான் பெருகிக்கொண்டிருக்கிறது. 3க்குக் கீழே முதல் கிரேடு, 20 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. எடுத்த 14 நிணநீர் முடிச்சில் ஒன்றில் மட்டும் கட்டியின் செல் இருந்தது, கல்லீரல் சுத்தம். வயது, கிரேடு, பரவல் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினால் ஒரு சதவீதம் கிடைக்கும். ஆனால் அது இதே மாதிரி நூறு பேரின் கணக்கு, அந்த நூறில் உங்க அப்பா எந்த இடம் என்று அதில் இருக்காது என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்பா தலையாட்டினார்: "நூலைப் பாத்து லுங்கி எத்தினி வருஷம் உழைக்கும்னு சொல்லலாம் சார். கட்றவன் எப்படித் தோய்ப்பான்னு நமக்கு இன்னா தெரியும்?"

ஆரணியிலிருந்து:
என் மனைவிக்கு வந்தது இன்சுலினோமா, அதாவது இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரந்து சர்க்கரையை இறக்கிவிடும் கணையக் கட்டி. விடிகாலையில் நாக்கு குழறும், வியர்த்துக் கொட்டும், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். இரண்டு வருஷம் வலிப்பு மாத்திரை, நடுவில் மந்திரிப்பு வேறு. கடைசியில் பார்த்தால் ஒன்றரை செ.மீ. கட்டி! இந்த வகை பெரும்பாலும் பரவாது என்பதால் எங்களிடம் யாரும் வருஷக் கணக்கே பேசவில்லை.

வாலாஜாவிலிருந்து:
மாமாவுக்கு கி-67 14%, கல்லீரலில் அப்போதே இரண்டு புள்ளி. ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் இந்த இனக் கட்டிதான், 2004இல் ஆபரேஷன், 2011இல் இறந்தார் என்று படித்துவிட்டு, தனக்கும் ஏழு வருஷம் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். இப்போது நாலாவது வருஷம். கட்டி வளர்வதை அடக்கி வைக்க மாதம் ஒரு ஆக்ட்ரியோடைடு ஊசி, மற்றபடி கடையைப் பார்த்துக்கொள்கிறார். அந்த ஏழு வருஷக் கணக்கை மட்டும் அவர் மண்டையிலிருந்து எடுக்க முடியவில்லை.

குடியாத்தத்திலிருந்து, மறுபடியும்:
ஐந்து வருஷம் தாண்டியும் இது திரும்ப வரலாமாம், பத்து வருஷம் வரை வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஸ்கேன் வருகிற மாதம். சமையல் வசதியுள்ள லாட்ஜ், கடுகெண்ணெய் வாசனை எட்டாத மாடியில் இருந்தால் யாராவது சொல்லுங்கள். அப்பாவின் ஒரே நிபந்தனை அதுதான்.