கிட் டெஸ்ட் ஸ்கிரிப்டில் பைப்பை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?

கேள்வி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் மாலை வகுப்புப் பிள்ளைகள் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) மூலநிரலின் 'டி' ஃபோல்டரில் உள்ள பழைய டெஸ்ட் ஒன்றைச் சுருக்கி, முதல் பேட்ச் (திருத்தம்) அனுப்பப் போகிறார்கள். கிட் லாக் தருவதை '|' என்ற பைப் வழியாகச் சொல் தேடும் கிரெப்புக்கு அனுப்பி, 'கிட் லாக் | கிரெப்' என்று ஒரே வரியில் முடிவதை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்களே, அது நீட்டுவது ஆகாதா? வேறு எதைத் தொடலாம்?

பதில்:
தம்பி, பைப் போட்டால் ஷெல் கடைசி கமாண்டின் எக்ஸிட் கோடை (0 என்றால் வெற்றி) மட்டும்தான் பார்க்கும். கிட் லாக் பாதியில் செக்மெண்டேஷன் ஃபால்ட் (நினைவகப் பிழை) ஆகி விழுந்தாலும், தேடிய சொல் அதற்கு முன்பே வந்திருந்தால் கிரெப் 0 தரும், டெஸ்ட் பாஸ். ரப்பர் மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) பால் நிற்கிறது என்று மரத்தைப் பார்க்காமல் நடப்பது மாதிரி. நாம் சோதிக்க வந்ததே கிட்டைத்தான். ஆகவே:

கிட் லாக் >ஆக்சுவல் &&
கிரெப் ஃபிக்ஸ் ஆக்சுவல்

இதே ஓட்டை 'டெஸ்ட் "$(கிட் ...)" = ...' வரியிலும் உண்டு. அங்கே எதிர்பார்ப்பை 'எக்ஸ்பெக்ட்' ஃபைலில் எழுதி, அதை 'ஆக்சுவல்' ஃபைலோடு ஒப்பிடும் டெஸ்ட்_சிஎம்பி போடுங்கள்; தோற்றால் எந்த வரி மாறியது என்று டிஃப் காட்டும். கிட் தோற்றாக வேண்டிய இடத்தில், முடிவைத் தலைகீழாக்கும் '!' வேண்டாம், டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில் போடுங்கள். '!'க்கு முறையான தோல்வியும் கிராஷும் ஒன்றுதான். கிரெப் முன்னால் '!' தாராளமாக இருக்கலாம்.

இன்னொரு பதில்:
நிஜமாகவே சுருங்கும் இடம்: ஃபைல் எழுதி, ஆட் செய்து, கமிட் செய்து, டேக் போடும் நான்கு வரியும் டெஸ்ட்_கமிட் ஒன்றில் அடங்கும். கடைசியில் கான்ஃபிக்கை அன்செட் செய்யும் வரியையும் எடுத்துவிட்டு, தொடக்கத்திலேயே டெஸ்ட்_கான்ஃபிக் போடலாம்; டெஸ்ட் முடிந்ததும் அதுவே அன்செட் செய்துவிடும். நடுவில் டெஸ்ட் முறிந்தால் அந்தக் கடைசி வரி ஓடவே ஓடாது. மிஞ்சிய கான்ஃபிக் அடுத்த டெஸ்டையும் கெடுக்கும். சப்ஷெல்லுக்குள் (அடைப்புக்குறிக்குள் தனியாக ஓடும் ஷெல்) மட்டும் டெஸ்ட்_கான்ஃபிக்கைப் போடாதீர்கள். ஃபோல்டர் மாற்றும் 'சிடி' தேவைப்பட்டால் அதைச் சப்ஷெல்லுக்குள் போடுங்கள். ஒரே கமாண்டுக்கு 'கிட் -சி' (பெரிய சி) போதும். பைப் மாற்றம் ஒரு பேட்ச், மற்றவை தனித்தனி.

கேட்டவர்:
நன்றி அண்ணா. '<<-\இஓஎஃப்' போட்டு பல வரி உரையை உள்தள்ளினால் முடிவுக் குறியே கிடைக்காமல் கீழ் வரிகளையெல்லாம் விழுங்குகிறது.

பதில்:
எடிட்டர் டேபை ஸ்பேஸாக மாற்றியிருக்கும். அந்த '-' முன்னால் உள்ள டேபை மட்டும்தான் நீக்கும். சரிசெய்து, 'டி' ஃபோல்டருக்குள் நின்று -வி -ஐ -எக்ஸ் மூன்றோடும் ஓட்டுங்கள். முதல் தோல்வியிலேயே நிற்கும். டெஸ்ட் ஓடிய தற்காலிக ஃபோல்டரான டிராஷ் டைரக்டரி அழியாது, உள்ளே போய் 'ஆக்சுவல்' ஃபைலைப் பார்க்கலாம். பாஸ் ஆனதும் 'எக்ஸ்பெக்ட்' ஃபைலில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே கெடுத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பாஸ் என்றால் ஃபார் லூப்புக்குள் தோல்வியை வெளியே சொல்லும் '|| ரிட்டர்ன் 1' விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.