கண்ணாடி இழை கலந்த பாகங்கள்: இழை படுத்த திசையால் வந்த வினை

(பிளாஸ்டிக்கை உருக்கி மோல்டுக்குள் செலுத்தி வார்க்கும் வேலை பற்றிய உரையாடல். ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் பேசுபவரின் சிங்கப்பூர் இடப்பெயர்.)

துவாஸ் டூல்ரூம்:
30% கண்ணாடி இழை சேர்த்த நைலான் 66. 220 மி.மீ. நீளத் தட்டை மூடி, சுவர் 2 மி.மீ. கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) நீளப் பக்கத்தின் நடுவில். மோல்டை விட்டு வரும்போது நேராகத்தான் இருக்கும். கிரானைட் மேசையில் ஆறவிட்டால் எதிரெதிர் மூலை இரண்டும் தூக்கிக்கொள்ளும். ஒன்றை விரலால் அழுத்தினால் அடுத்தது ‘டக்’கென்று எழும். ஹோல்டிங் பிரஷர் (நிரம்பிய பிறகும் தள்ளும் அழுத்தம்), கூலிங் நேரம் எதை மாற்றியும் வளைவு அசையவில்லை. இந்தப் பொருள் ஓட்டத் திசையில் ஏறக்குறைய 0.3–0.4%தான் சுருங்கும், குறுக்கே 0.8–1%. நடுவிலிருந்து விசிறியாக விரிந்தால் ஒவ்வொரு மூலையிலும் இழை வேறு பக்கம் பார்க்கும், சுருக்கமும் வேறாகும். கேட்டைக் குட்டைப் பக்கத்துக்குக் கொண்டுபோய், அகலம் முழுக்க மெல்லிய பட்டையாக ஃபிலிம் கேட் வெட்டியதும் ஓட்டம் நேரானது, மூடியும் மேசையில் படிந்தது. நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனி ஷிரிங்கேஜ் (சுருக்க) கணக்குப் போட்டுத்தான் கேவிட்டி (மோல்டின் உள்குழி) வெட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண் போடும் பழக்கம் இழை கலந்த பொருளுக்கு ஆகாது.

உட்லண்ட்ஸ் க்யூசி:
அண்ணே, மேசையில் ஆறிய உடனே அளந்த அளவை நம்ப முடியாது. நைலான் மோல்டிங்குக்குப் பிறகும் சுருங்கும். அதோடு நம் ஊர் ஈரக்காற்றில் தண்ணீர் குடித்து வீங்கவும் செய்யும். ஷாட் (ஒரு வார்ப்பு) அடித்த கையோடு ஈரம் புகாத பையில் மூடி, 23 டிகிரி அறையில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து அளந்தால்தான் மோல்டைத் திருத்தலாம்.

என்னை விடாமல் அரிப்பது வேறு பாகம். பித்தளை இன்சர்ட் (மரை வெட்டிய செருகு) வைத்த பாஸ் (திருகு ஏறும் குட்டித் தூண்), திருகு ஏற்றும்போதே கேட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் பிளந்தது. உடைந்த முகத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் காரணம் தெரிந்துவிட்டது. இழை நைலான் உடைந்தால் அறுவடை முடிந்த வயலில் நிற்கும் நெல் தாள்போல இழை முனைகள் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே எல்லா இழையும் அந்த முகத்தோடு ஒட்டிப் படுத்திருந்தன. பிளவைத் தாண்டிப் போன இழை கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ஜூரோங் புராசஸ்:
வெல்ட் லைன்தானே, பிரிந்து வந்த இரண்டு ஓட்டங்கள் மோதி ஒட்டும் கோடு. மோல்டை 80-லிருந்து 110 டிகிரிக்கு ஏற்றி, நிரப்பும் வேகத்தையும் கூட்டினால் ஒட்டிவிடும். டூலைத் தொடத் தேவையில்லை.

புக்கிட் பாத்தோக்:
ஜூரோங் நண்பர் சொல்வது இழை இல்லாத பொருளுக்குச் சரி. அங்கே சூடு இருந்தால் மூலக்கூறுகள் கோட்டைத் தாண்டிப் பின்னிக்கொள்ளும், பெரும்பகுதி பலம் திரும்பும். இழை அப்படிப் பின்னாது. ஓட்ட முகப்பில் பிளாஸ்டிக் நடுவிலிருந்து சுவரை நோக்கிப் பிரிந்து புரளும்போது இழைகள் முகப்புக்கு இணையாகத் திரும்பிவிடுகின்றன. இரண்டு முகப்பு மோதினால் அதே நிலையில் உறைகின்றன. 30% இழையில் நன்றாக ஒட்டிய வெல்ட்கூடப் பாதிப் பலத்துக்கு அருகில்தான் நிற்கும். சூடு ஏற்றினால் கோடு கண்ணுக்கு மறையும், பாஸ் அதே இடத்தில் பிளக்கும்.

செய்யக்கூடியவை: கேட்டை நகர்த்தி, வெல்ட் லைனை இழுவிசை இல்லாத இடத்துக்குத் தள்ளுவது முதலில். அடுத்து, கோட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஓவர்ஃபுளோ குழி. இரண்டு பக்கமும் சமமாக வைத்தால் பயனில்லை. ஒரு பக்க அழுத்தத்தில் உருகிய பிளாஸ்டிக் கோட்டைக் கடந்து குழிக்குள் போகும்போதுதான் இழையை இழுத்துக்கொண்டு போகும். நீளப் பாகம், பல கேட் என்றால் வால்வ் கேட்டுகளை (வேண்டும்போது திறந்து மூடும் கேட்டுகள்) வரிசையாகத் திறக்கவும்: முதல் கேட்டின் முகப்பு இரண்டாம் கேட்டைத் தாண்டிய பிறகே அதைத் திறந்தால் அங்கே வெல்டே உருவாகாது.

தடித்த சுவருக்கு இன்னொரு வழி உண்டு. பிரிட்டனின் புரூனல் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்காரிம் முறை. கேவிட்டி நிரம்பியதும் இரண்டு பிஸ்டன்கள் மாறிமாறித் தள்ளும். உறையாத நடுப்பகுதி முன்னும் பின்னும் ஓடி, ஒவ்வோர் அடுக்காக உறையும்போது இழை ஓட்டத் திசையில் படும். வெல்ட் லைனும் கலைந்துவிடும். ஆனால் 2 மி.மீ. சுவர் அதற்குள் உறைந்துவிடும், சைக்கிள் நேரமும் கூடும்.

நிரப்பும் வேகம் பற்றியும் ஒன்று. சுவரை ஒட்டிய அடுக்கில் இழை ஓட்டத்தோடு படுக்கும், நடு அடுக்கில் குறுக்கே படுக்கும். வேகம் கூடினால் அந்தக் குறுக்கு அடுக்கு தடிக்கும். விறைப்பு வேண்டுமென்று சுவரை 2-லிருந்து 4 மி.மீ. ஆக்கினாலும் நடு அடுக்குதான் பெருக்கும், எதிர்பார்த்த விறைப்பு வராது. ரிப் (விலா போன்ற மெல்லிய சுவர்) போடுங்கள், ஓட்டம் ரிப்பின் நீளவாக்கில் போகட்டும்.

சந்தேகம் இருந்தால் பாகத்தை வெட்டிப் பாலிஷ் செய்து பாருங்கள். வட்டமாகத் தெரியும் இழை வெட்டு முகத்துக்குச் செங்குத்து, நீள்வட்டம் என்றால் சாய்வு. சிறிய விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்தால் செங்குத்திலிருந்து சாய்ந்த கோணத்தின் கொசைன் கிடைக்கும்.

காலாங்:
இழை நீளத்தை யாரும் கேட்கவில்லையே. 600 டிகிரி உலையில் பிளாஸ்டிக்கை எரித்துவிட்டு மீதி இழையை மைக்ராஸ்கோப்பில் அளந்து பாருங்கள். பெல்லட் (பிளாஸ்டிக் குருணை) செய்யும் ஆலைக்குள் 3 மி.மீ.க்கு மேல் போன இழை, பாகத்தில் 0.2–0.4 மி.மீ. இருக்கும். அதற்கும் கீழே போயிருந்தால் பேக் பிரஷரை (ஸ்க்ரூ பின்வாங்கும்போது எதிர்க்கும் அழுத்தம்) குறைத்து, ஸ்க்ரூவை மெதுவாகச் சுழற்றி, கேட்டைப் பெரிதாக்குங்கள். பொடியாகிப்போன இழையைத் திசை திருப்பி என்ன பயன்?

உபி:
இழை இல்லாவிட்டாலும் இதே தொல்லை. தெளிவான பாலிகார்பனேட் மூடி; திருகுப் பசை (திருகு தளராமல் இருக்கப் போடுவது) பட்ட இடத்தில், கேட்டுக்குப் பக்கத்தில், மயிரிழை விரிசல். வெள்ளைத் திரை காட்டும் எல்சிடி மானிட்டர் முன் மூடியைப் பிடித்து, போலரைஸ்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால் கேட்டைச் சுற்றி நிறப்பட்டைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. அது நீண்டு உறைந்த மூலக்கூறும் உள் அழுத்தமும் சேர்ந்த படம். 120 டிகிரி ஓவனில் வைத்தால் உள் அழுத்தம் தளரும், மூலக்கூறுத் திசை பெரிதாகக் கலையாது. அதற்கு 147 டிகிரி அளவிலுள்ள கண்ணாடி நிலைமாற்றத்தை (பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் சூட்டை) தாண்ட வேண்டும், அப்போது மூடியே உருக்குலையும். ஆகவே மோல்டிலேயே தீர்க்க வேண்டும்: மோல்டு 90–100 டிகிரி, பெரிய கேட், கேட் உறைந்ததும் பேக்கிங்கை (அழுத்தித் திணிப்பதை) நிறுத்துவது. பெல்லட்டை 120 டிகிரியில் 3–4 மணி நேரம் உலர்த்திவிட்டு ஹாப்பரை (பெல்லட் கொட்டும் தொட்டியை) திறந்து போடாதீர்கள், ஈரம் 0.02%ஐத் தாண்டினால் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, விரிசல் இன்னும் சீக்கிரம் வரும்.