முதல் கனடா குளிருக்கு ஒரு கோடு போட்ட குல்லா

கேள்வி (ஸ்காபரோவிலிருந்து):
ஆகஸ்ட் மாதம்தான் டொராண்டோ வந்தோம். அக்டோபர் காற்றுக்கே காது வலிக்கிறது. மகனுக்கு 15 வயது. கடையில் வாங்கித் தந்த குல்லாவைத் தொடவே மாட்டேன் என்கிறான். எனக்கு முடி அடர்த்தி, ஜடை போட்டால் எந்தக் குல்லாவும் தலையில் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் குரோஷா கற்றிருக்கிறேன், மேஜை விரிப்புக்கு ஓரம் போடுகிற அளவுக்குத்தான். அம்மா பெட்டியில் குரோஷா ஊசியும் ஆங்கர் நூலும் வைத்து அனுப்பியிருக்கிறார். அதை வைத்தே போட்டுவிடலாமா அக்கா?

பதில்:
அந்த நூலைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், வேறு எதற்காவது ஆகும். குல்லாவுக்கு ஆகாது. மதுரா கோட்ஸ் ஆங்கர் பருத்தி நூல் மெல்லியது, அதற்கான ஊசியும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதில் ஒரு குல்லா முடிப்பதற்குள் வசந்தம் வந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம், பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பனி விழுந்து நனைந்த பருத்திக் குல்லா தலையை இன்னும் குளிரவைக்கும்.

இங்கே கடையில் கேட்க வேண்டியது 4ஆம் எண் நூல். எல்லா நூல் உறையிலும் நூல்கண்டு போன்ற சிறு படம் இருக்கும், அதற்குள் 0 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 4 என்றால் நடுத்தரத் தடிமன், ‘வொர்ஸ்டட்’ என்பார்கள். பக்கத்திலேயே எந்த அளவு ஊசி என்றும் போட்டிருக்கும். பெரும்பாலும் 5.5 அல்லது அதற்கு மேல் இருக்கும். நீங்கள் 5 மி.மீ. ஊசி வாங்குங்கள். உறையில் சொன்னதைவிடக் கொஞ்சம் சின்ன ஊசியில் போட்டால் பின்னல் நெருக்கமாக விழும், காற்று புகும் ஓட்டை குறையும்.

முதல் குல்லாவுக்கு அக்ரிலிக்கே போதும், நம்ம ஊரில் உல்லன் நூல் என்று விற்பதில் பெரும்பகுதி அதுதான். அசல் கம்பளி கூடுதல் சூடு தரும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் யாராவது தெரியாமல் சுடுநீர் வாஷிலும் டிரையரிலும் போட்டுவிட்டால் அது பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கிவிடும். ‘சூப்பர்வாஷ்’ என்று எழுதிய கம்பளி அப்படிச் சுருங்காது, விலைதான் கொஞ்சம் கூட. மைக்கேல்ஸ், வால்மார்ட் இரண்டிலும் பெர்னாட் நூல் பார்க்கலாம். அது இங்கேயே, ஒண்டாரியோவில் லிஸ்டோவெல் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஸ்பின்ரைட் நிறுவனத்தின் நூல். டாலராமாவில் சின்ன கண்டுகள் மலிவாகக் கிடைக்கும், ஒரே நிறம் இரண்டு வேண்டுமென்றால் உறையில் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். எண் மாறினால் நீலமும் நீலமும் பகல் வெளிச்சத்தில் வேறுவேறாகத் தெரியும்.

ஒரு குல்லாவுக்கு மொத்தம் 100 கிராம் போதும். இரண்டு நிறம் என்றால் முதன்மை நிறம் 70, கோட்டு நிறம் 30.

நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். பையனையே கடைக்குக் கூட்டிப் போங்கள். 15 வயதில் அம்மா போட்ட குல்லாவை அவன் போட்டுக்கொள்வானா என்பது பின்னலைவிட நிறத்தில்தான் இருக்கிறது. ஹாக்கி பிடிக்கும் பையன் என்றால் டொராண்டோ அணியான மேப்பிள் லீஃப்ஸின் நீலமும் வெள்ளையும் கேட்பான், பள்ளியில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கறுப்பும் சாம்பலும் கேட்டால் அதையே வாங்குங்கள். இருட்டு நிறம் வேண்டாம், பளிச்சென்று எடு என்று அங்கே வாதாடினால் குல்லா அலமாரியில் தூங்கும்.

இனி அளவு. இணையத்தில் கிடைக்கும் குல்லா வடிவக் குறிப்புகளில் ‘72 தையல்’ என்று போட்டிருந்தால் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் கை இறுக்கமா தளர்வா என்பது அதை எழுதியவருக்குத் தெரியாது. அளவு நாடாவைப் புருவத்துக்கு மேலே வைத்து, காதுக்குச் சற்று மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 15 வயதில் தலை கிட்டத்தட்டப் பெரியவர் அளவுக்கு வந்திருக்கும், 54 முதல் 57 செ.மீ. வரை. குல்லா அதைவிட 5 செ.மீ. சிறியதாக இருக்க வேண்டும், இழுத்துப் போட்டால்தான் காற்றில் நிற்கும். பிறகு ஒரு சின்னத் துண்டு பின்னி, 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை தையல் வருகிறது என்று எண்ணுங்கள். 14 வந்தால், 56 செ.மீ. தலைக்கு 51 செ.மீ. வேண்டும், அதாவது 71 சொச்சம், 72 என்று வைத்துக்கொள்ளலாம். 13தான் வருகிறது என்றால் 66 போதும். கணக்கு இவ்வளவுதான், இதைச் செய்தால் பிரிக்க வேண்டி வராது.

தையல் எல்லாம் ‘ஹாஃப் டபுள்’. ஊசியில் நூலை ஒரு முறை சுற்றி, அடுத்த தையலுக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையம் இருக்கும். மறுபடி சுற்றி மூன்றிலிருந்தும் ஒரே இழுப்பில் வெளியே எடுக்க வேண்டும். குட்டைத் தையலான சிங்கிளைவிட வேகம், உயரத் தையலான டபுளைவிட நெருக்கம். குல்லாவுக்கு என் கட்சி இதுதான்.

உச்சியிலிருந்து தொடங்குங்கள். மேஜிக் ரிங் (நுனியை இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையம்) போட்டு அதற்குள் 8 தையல். பழக்கமில்லை என்றால் மூன்று சங்கிலி போட்டு வளையமாக்கி அதற்குள் போடலாம், நடுவில் விழும் ஓட்டையைக் கடைசியில் ஊசியால் இழுத்து மூடிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முதல் தையலில் ஸ்லிப் ஸ்டிச் (உயரமே இல்லாத இணைப்புத் தையல்) போட்டு இணைத்து, ஒரு சங்கிலி ஏறி அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும். அந்தச் சங்கிலியைத் தையலாக எண்ணாதீர்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டிரண்டு, 16. மூன்றாவதில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, 24. இப்படிச் சுற்றுக்கு எட்டெட்டாகக் கூட்டிப் போனால் ஒன்பதாம் சுற்றில் 72. கூட்டும் இடம் எப்போதும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தால் வட்டம் எட்டு மூலையாகத் தெரியும், அதனால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் கூட்டும் இடத்தைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். இந்த இடத்தில் குறுக்களவு 16, 17 செ.மீ. வரும், லேசாகக் கிண்ணம்போல் குழியும். குழிவது நல்லது. ஓரம் அலையலையாக நெளிந்தால்தான் தையல் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

இதுவரை ஒரே நிறம், நீலம் என்று வையுங்கள். பத்தாம் சுற்றிலிருந்து கூட்டல் கிடையாது, நேராக 72. இங்கேதான் கோடுகள்: 10, 11 வெள்ளை, 12, 13 நீலம், 14, 15 வெள்ளை, 16, 17 நீலம், 18, 19 வெள்ளை. 20ஆம் சுற்றிலிருந்து கடைசிவரை நீலம்.

நிறம் மாற்றுவதில் ஒரு நுணுக்கம். புது நிறத்தை அடுத்த சுற்றின் தொடக்கத்தில் எடுத்தால் பழைய நிறம் ஒரு புள்ளியாக மேலே துருத்திக்கொண்டு நிற்கும். முந்தைய சுற்றின் கடைசித் தையலில், ஊசியில் மூன்று வளையம் இருக்கும்போதே புது நூலைப் பிடித்து இழுத்து முடித்துவிடுங்கள், இணைக்கும் ஸ்லிப் ஸ்டிச்சும் புது நிறத்தில் விழட்டும். இரண்டிரண்டு சுற்றுக் கோடு என்பதால் நூலை ஒவ்வொரு முறையும் வெட்ட வேண்டாம், உள்பக்கமாகத் தளர்வாக மேலே ஏற்றிக்கொள்ளலாம். இறுக்கி இழுத்தால் அந்த இடம் மட்டும் சுருங்கிக் கோணும். அப்படியும் இணைப்பில் ஒரு சின்னப் படி தெரியத்தான் செய்யும். அதைப் பின்மண்டைப் பக்கம் விட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

20 சுற்று முடிந்ததும் வேலையைத் திருப்புங்கள். இதுவரை வந்த திசைக்கு எதிர்த்திசையில், 4.5 மி.மீ. ஊசியில் 21 முதல் 26 வரை பின்னுங்கள். இந்த ஆறு சுற்றும் வெளியே மடிக்க வேண்டிய பட்டி. திருப்பாமல் பின்னினால் மடிக்கும்போது தையலின் பின்புறம்தான் வெளியே தெரியும். பல வடிவங்களில் இதைச் சொல்வதே இல்லை. கோடுகளை 19ஆம் சுற்றோடு நிறுத்தச் சொன்னதும் இதனால்தான், ஏற்றிவந்த நூல் மடிப்பில் பல்லைக் காட்டும்.

மடித்த பட்டி சரியாகக் காதின் மேல் உட்காரும், அங்கே மட்டும் இரண்டடுக்கு. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள், அது கதை. தலை உடம்பின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். பயப்பட வேண்டியது காதுக்கு. விண்ட் சில், அதாவது காற்றோடு சேர்ந்து தோல் உணரும் குளிர், மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்பது கனடா வானிலைத் துறையின் எச்சரிக்கை. அப்படிப்பட்ட நாளில் எந்தக் குரோஷா குல்லாவும் தனியாகப் போதாது, மேலே ஜாக்கெட்டின் ஹூடையும் இழுத்துவிட வேண்டும். மார்கழிக் காலையில் தாத்தா போடும் மங்கி குல்லாவை இங்கே யாரும் கேலி செய்யமாட்டார்கள், பையனிடம் மட்டும் சொல்லிப் பார்க்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. என் ஜடைக்கு என்ன செய்ய?

பதில்:
உச்சியில் கொண்டை போடுகிறவர் என்றால், மேஜிக் ரிங்குக்குப் பதில் ஒரு ஹேர் பேண்டைச் சுற்றியே முதல் சுற்றைப் போடுங்கள், 24 தையல் கொள்ளும். நான்காம் சுற்றிலிருந்து மேலே சொன்ன கணக்கே. கொண்டை அந்த ஓட்டை வழியாக வெளியே வரும். ஆனால் ஜனவரியில் அந்த வழியாகக் காற்றும் வரும், நவம்பருக்கும் மார்ச்சுக்கும்தான் அது சரி. கடுங்குளிருக்கு ஜடையைப் பிடரிக்குத் தாழ்வாகப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விட்டுவிட்டு, குல்லாவை நேராகப் போடுங்கள். முடி அடர்த்தி என்பதால் ஒன்பதாம் சுற்றுக்குப் பிறகு இன்னொரு சுற்றில் நாலே நாலு தையல் கூட்டி 76 ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டிருக்கும், அக்ரிலிக்கைக் கழற்றும்போது முடி மின்சாரம் பிடித்து எழுந்து நிற்கும். உள்ளே சாட்டின் துணி வைத்துத் தைத்தால் அது குறையும், தலைக்கு வைத்த எண்ணெயும் நூலில் இறங்காது. பழைய சாட்டின் பாவாடை ஒன்று போதும்.

டொராண்டோ பக்கத்து மார்க்கம் (Markham) நகரிலிருந்து ஒருவர்:
பிள்ளை, நான் 1989இல வந்தனான். அப்ப ஊசி எங்க வாங்கிறது எண்டு கேக்கிறதுக்கும் ஆள் இல்லை. இப்ப நூலகங்களிலேயே பின்னல் வட்டம் நடக்குது, காசு இல்லை. டொராண்டோவில 100 நூலகக் கிளை இருக்கு, உங்களுக்குக் கிட்ட இருக்கிறதில விசாரிச்சுப் பாருங்கோ. தையல் தெரியாட்டிலும் போகலாம், பக்கத்தில இருக்கிற வெள்ளைக்காரக் கிழவிமார் பிரிச்சுக் காட்டுவினம். எனக்கு ஆங்கிலம் வந்ததே அங்கதான்.

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து:
இங்குள்ள புத்தகத்தில் ‘ஹாஃப் டபுள்’ என்றே காணோமே?

பதில்:
பிரிட்டிஷ் முறையில் அதுவே ‘ஹாஃப் ட்ரெபிள்’. அவர்கள் டபுள் என்பது எங்கள் சிங்கிள். நூலுக்கு ‘அரான்’ என்று கேளுங்கள். உங்கள் குளிருக்கு அதைவிட மெல்லிய டி.கே. நூலே தாங்கும், 4 மி.மீ. ஊசி. அப்போது தையல் எண்ணிக்கை கூடும், துண்டு பின்னிப் பார்த்து மேலே உள்ள கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கடைசியாக ஒன்று. மேலே பஞ்சுப் பந்து வேண்டுமாம் அவனுக்கு.

பதில்:
வையுங்கள், ஆனால் தைக்காதீர்கள். பந்தில் ஒரு பிரஸ் பட்டன், குல்லாவின் உச்சியில் அதன் ஜோடி. வாஷில் போடும்போது கழற்றிவிடலாம். அடுத்த வாரமே பந்து வேண்டாம் என்பான், அப்போதும் கழற்றிவிடலாம்.