சிஎஸ்எஸ் கற்கக் கட்டணப் பயிற்சி தேவைதானா?

நிலவன்:
வணக்கம். வலைப்பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் எனக்கு ஓரளவு தெரியும். பக்கத்தின் நிறம், எழுத்து, அமைப்பு ஆகியவற்றைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியோடு வலைப்பக்க வடிவமைப்பை முறையாகக் கற்க விரும்புகிறேன். விசாரித்த பயிற்சி நிலையம் ஒன்றில் கட்டணம் என் மாதச் சம்பளத்தைவிட அதிகமாக இருக்கிறது. அதே பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது, பணம் கட்டிப் படிப்பவருக்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கயல்:
பாடத்துக்காக மட்டும் என்றால் பணம் கட்ட வேண்டியதில்லை. மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் நிறம், அகலம் போன்ற ஒவ்வொரு சிஎஸ்எஸ் பண்புக்கும் விளக்கமும், எந்த உலாவி எந்தப் பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது என்ற அட்டவணையும் உள்ளன. ஃப்ரீகோட்கேம்ப் தளமோ பயிற்சிகளோடு சான்றிதழையும் இலவசமாகவே தருகிறது. நிலையத்தின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அமைக்கும் கிரிட் முறை 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது; இன்னும் ஃப்ளோட் என்ற பழைய முறையைக் கொண்டே பக்கத்தை நெடுவரிசைகளாகப் பிரிக்கச் சொல்லித்தரும் வகுப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். 2023இல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் இடம்பெற்ற கன்டெய்னர் குவெரி (ஒரு பகுதியை அது இருக்கும் பெட்டியின் அளவுக்கேற்ப மாற்றும் வசதி) பாடத்தில் இருந்தால், ஆசிரியர் பாடத்தைப் புதுப்பித்து வருகிறார் என்று நம்பலாம்.

பொன்னி:
கயல் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நாம் எழுதிய கோப்பை ஒருவர் வரிவரியாகப் படித்துத் திருத்தித் தருவது இலவசப் பாடங்களில் அரிது. ஐடி (பக்கத்தில் ஓர் உறுப்புக்கு மட்டும் உரிய பெயர்) கொண்டு எழுதிய ஒரு விதியை, எத்தனை கிளாஸ்களை (பல உறுப்புகளுக்குப் பொதுவாகத் தரும் பெயர்கள்) அடுக்கி எழுதினாலும் அவற்றால் வெல்ல முடியாது. இது புரியாதவர்கள் விதி வேலை செய்யாத இடத்திலெல்லாம், மற்ற விதிகளை மீறவைக்கும் இம்பார்ட்டன்ட் என்ற குறிச்சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். பக்கம் சரியாகத் தெரிவதால் பிழை மறைந்துகிடந்து, பின்னால் ஒரு சிறு நிறமாற்றம் செய்யப்போனால்கூடப் பெரும் தொல்லையாகிறது. வடிவமைப்பிலும் இப்படித்தான். தமிழ் எழுத்துகளில் மேலும் கீழும் குறிகள் நீள்வதால் ஆங்கிலத்துக்குப் பொருந்தும் வரி இடைவெளி நமக்கு நெருக்கமாகிவிடும் என்பதை, நம் பக்கத்தைப் பார்த்துச் சொல்லும் ஒருவரிடம்தான் எளிதில் கற்கிறோம். அத்தகைய திருத்தத்துக்குப் பணம் தரலாம்.

நிலவன்:
மிக்க நன்றி. அந்த நிலையத்தில் பதிவுசெய்த காணொளிகளை மட்டுமே தருகிறார்களாம். பயிற்சிகளைத் திருத்துவதில்லை என்றார்கள்.

பொன்னி:
அப்படியானால் பணம் கட்டாதீர்கள். எம்டிஎன் பாடங்களைப் படித்து ஒரு முழுத் தளத்தைச் செய்துவிட்டு, இத்துறையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் சில மணி நேரத்துக்கு மட்டும் கட்டணம் கொடுத்து உங்கள் கோப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.